புது ஃப்ளூ வந்தால் என்ன செய்வது? கணித மாடல் போட்டுத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

நாமக்கல் மாவட்டத்தில் 9,667 பேர் வாழும் ஒரு கிராமம் இருக்கிறது. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது, அது கணினிக்குள் இருக்கிறது. அசோகா பல்கலைக்கழகத்தின் பிலிப் செரியனும் கௌதம் மேனனும் ‘பாரத்சிம்’ என்ற மென்பொருளில் கட்டிய ஊர் அது. அங்கே வீடுகள் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, வேலைக்குப் போய்வருபவர்கள் உண்டு. கோழிகளிடமிருந்து எச்5என்1 பறவைக்காய்ச்சல் மனிதருக்குத் தாவி, மனிதருக்கு மனிதர் பரவத் தொடங்கினால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் ஓட்டிப் பார்த்தார்கள். 2025-ல் வெளியான அந்த ஆய்வில் என் மனதில் நின்றவை இரண்டே எண்கள். 2 பேருக்கு நோய் தெரிந்த உடனே அவர்களோடு பழகியவர்களின் வீடுகளைத் தனிமைப்படுத்தினால் அநேகமாக அடக்கிவிடலாம். 10 பேர் ஆகும்வரை காத்திருந்தால், அதற்குள் நோய் ஊருக்குள் போயிருக்கும்.

எப்படி 2, எப்படி 10? இதைப் புரிந்துகொள்ள சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு எக்செல் தாளும் பத்தாம் வகுப்புக் கணக்கும் போதும். ஆய்வாளர்கள் போடும் மாடலை அதில் போட முடியாது, உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்வதைக் கேள்வி கேட்கும் அளவுக்கு ஒன்றைப் போட்டுவிடலாம். மாவட்ட சுகாதாரத் துறையில் இருப்பவர்கள், பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்கள், கணக்கில் ஆர்வம் உள்ள மற்றவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். (‘மாதிரி’ என்றால் ரத்த மாதிரியா, கணித மாதிரியா என்ற குழப்பம் வரும் என்பதால் ‘மாடல்’ என்றே எழுதுகிறேன்.)

படி 1: முதலில் கேள்வியை எழுதுங்கள்

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான். எக்செல்லைத் திறந்துவிட்டு, “எத்தனை பேர் சாவார்கள்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எந்த மாடலும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. மாடல் ஜோசியம் அல்ல. “இதைச் செய்தால் என்ன, அதைச் செய்தால் என்ன?” என்று இரண்டு வழிகளை ஒப்பிடும் தராசு அது.

ஆகவே ஒரு காகிதத்தில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். யார் முடிவெடுக்கப் போகிறார்? அவர் கையில் இருக்கும் வழிகள் எவை? எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும்? “பள்ளிகளை இந்த வாரம் மூடுவதா, மூன்று வாரம் கழித்தா? எதில் படுக்கைத் தேவை குறையும்?” என்பது நல்ல கேள்வி.

நல்ல கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2005-ல் ஓர் உதாரணம் கிடைத்தது. தென்கிழக்கு ஆசியாவில் பறவைக்காய்ச்சல் பயம் இருந்த நேரம். தாய்லாந்தின் ஒரு மூலையில் புது ஃப்ளூ முளைத்தால், அதை முளையிலேயே அணைக்க எவ்வளவு மருந்து வேண்டும் என்று இரண்டு குழுக்கள் தனித்தனியே கணக்குப் போட்டன. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் குழு தாய்லாந்தையும் அதன் எல்லைப்புறத்தையும் சேர்த்து 8.5 கோடிப் பேரை மாடலில் வைத்தது. ஐரா லாஞ்சினி குழு 5 லட்சம் பேர் கொண்ட கிராமப்புறத்தை எடுத்துக்கொண்டது. ஃபெர்குசன் குழுவின் விடை: 30 லட்சம் பேருக்கான வைரஸ் தடுப்பு மருந்து கையிருப்பு இருந்தால், நோயின் பரவும் திறன் (ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தருவார் என்ற எண்) 1.8-க்குக் கீழே இருக்கும்வரை வாய்ப்பு உண்டு. லாஞ்சினி குழு, மருந்தை மட்டும் நம்பினால் 1.6 வரைதான் என்றது. அதே 2005-ல் ரோஷ் நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்துக்கு 30 லட்சம் பேருக்கான ஓசல்டாமிவிர் என்ற அந்த வைரஸ் தடுப்பு மருந்தைத் தருவதாக ஒப்புக்கொண்டது. மாடல் எதிர்காலத்தைச் சொல்லவில்லை. எவ்வளவு வேண்டும், எதற்குமேல் போனால் அதுவும் பயன்படாது என்று சொன்னது. திட்டமிடுபவருக்கு அது போதும்.

படி 2: மூன்று பெட்டிகள் போடுங்கள்

ஊரில் உள்ளவர்களை மூன்று பெட்டிகளில் போடுவோம். இன்னும் தொற்றாதவர்கள் ‘மிச்சம்’. இப்போது பரப்பிக்கொண்டிருப்பவர்கள் ‘நோய்’. குணமாகிவிட்டவர்களோ இறந்தவர்களோ, இனிப் பரப்பாதவர்கள் ‘விலகியவர்’.

இந்த யோசனை 1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரு ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தை நடத்தியவர். அந்தக் கட்டுரையில் அவர்கள் சூத்திரத்தைப் பொருத்திக் காட்டியது 1905-06 பம்பாய் பிளேக் மரணக் கணக்கோடு. கெர்மாக் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஆய்வகத்தில் நடந்த விபத்தில் பார்வையை இழந்திருந்தார். இத்தனை கணக்கையும் மனதிலேயே வைத்துப் போட்ட மனிதர்.

இப்போது எக்செல். ஒரு வரி ஒரு நாள். இரண்டு எண்கள் முன்கூட்டியே வேண்டும்.

பரவல் வேகம்: ஒரு நோயாளி ஒரு நாளில் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைப்பார். 0.5 என்று வைத்துக்கொள்வோம்.

நோய்க்காலம்: எத்தனை நாள் பரப்புவார். 3 நாள் என்போம்.

இரண்டையும் பெருக்கினால் 1.5. இதுதான் கொரோனா காலத்தில் எல்லோரும் கேட்டுப் பழகிய ‘ஆர் நாட்’, சுருக்கமாக ‘ஆர்’. யாருக்கும் எதிர்ப்பு இல்லாத ஊரில் ஒரு நோயாளி மொத்தமாக எத்தனை பேருக்குத் தருவார் என்ற கணக்கு. 2009 பன்றிக்காய்ச்சலுக்குப் பெரும்பாலான கணிப்புகள் இந்த 1.5-ஐ ஒட்டித்தான் இருந்தன. 1918-க்கு 2 முதல் 3 வரை.

ஒவ்வொரு நாளும் போட வேண்டிய கணக்கு இவ்வளவுதான்:

புதுத்தொற்று = பரவல் வேகம் × நோய் × மிச்சம் ÷ மக்கள்தொகை
இன்று விலகுபவர் = நோய் ÷ நோய்க்காலம்

நாளைய ‘மிச்சம்’ வேண்டுமென்றால் இன்றையதில் புதுத்தொற்றைக் கழியுங்கள். நாளைய ‘நோய்’ வேண்டுமென்றால் புதுத்தொற்றைக் கூட்டி, விலகுபவரைக் கழியுங்கள். 1,00,000 பேர் உள்ள ஊர், 10 நோயாளிகளோடு தொடங்குகிறது. முதல் நாள் புதுத்தொற்று 5, விலகுபவர் 3.3, மறுநாள் நோய் 11.7. அதற்கு மறுநாள் 13.6. (மனிதரில் 0.6 எப்படி என்று கேட்காதீர்கள். படி 7-ல் அந்தக் கேள்விக்கு வருகிறேன்.) சூத்திரத்தைக் கீழே இழுத்துவிடுங்கள். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். 30-ஆவது நாள் ஆயிரத்தை நெருங்கும். ஏழு வாரம் வாக்கில் ஒரே நேரத்தில் 6,300 பேர் வரை நோயில் இருப்பார்கள், அது உச்சம். எல்லாம் ஓய்ந்தபின் பார்த்தால் ஊரில் சுமார் 58,000 பேருக்கு வந்து போயிருக்கும். நாள்கணக்கில் தாவுவதால் உங்கள் தாளில் சில நூறு முன்னே பின்னே இருக்கலாம், பரவாயில்லை.

ஃப்ளூவில் தொற்றியவுடன் ஒருவர் பரப்பத் தொடங்குவதில்லை. சிறு இடைவெளி உண்டு. அதற்கு நான்காவதாக ஒரு ‘காத்திருப்பு’ப் பெட்டி சேர்ப்பார்கள். சேர்த்தால் அலை மெதுவாக வரும், மொத்த எண்ணிக்கை மாறாது. முதல் முயற்சியில் விட்டுவிடலாம்.

படி 3: பழைய நோய் ஒன்றில் சோதித்துப் பாருங்கள், அப்புறம் சந்தேகப்படுங்கள்

மாடலை நேரே புது நோயில் ஏவக்கூடாது. முடிந்துபோன ஒரு தொற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு எல்லாரும் எடுக்கும் பாடம், 1978 ஜனவரியில் வட இங்கிலாந்தின் ஓர் ஆண்கள் உறைவிடப் பள்ளியில் வந்த எச்1என்1 ஃப்ளூ. 763 மாணவர்கள். அவர்களில் 512 பேர் படுக்கையில் விழுந்தார்கள். இரண்டே வாரத்தில் முடிந்துவிட்டது. தினமும் எத்தனை பேர் படுக்கையில் இருந்தார்கள் என்ற கணக்கு மருத்துவ இதழில் வரைபடமாக வந்தது. ஏறத்தாழ 3, 8, 26, 76 என்று நாளுக்கு மூன்று மடங்காக ஏறி, உச்சத்தில் 300-ஐத் தொட்டு, இறங்கியது.

மூன்று பெட்டி மாடலில் பரவல் வேகம் 1.66, நோய்க்காலம் 2.3 நாள் என்று போட்டால் கோடு அந்தப் புள்ளிகள்மேல் அச்சடித்ததுபோல் உட்காரும். பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். வகுப்பில் கைதட்டல்கூட விழும்.

நிறுத்தாமல் ஒரு கணக்குப் போடுங்கள். அந்த இரண்டு எண்களின்படி ஆர் நாட் 3.7-க்கு மேல். அப்படியானால் மாடலின்படி பள்ளியில் கிட்டத்தட்ட 97% பேருக்கு, அதாவது 740 பேருக்கு, நோய் வந்திருக்க வேண்டும். வந்ததோ 512. இன்னொரு கணக்கு. தினசரி படுக்கை எண்ணிக்கையை எல்லாம் கூட்டினால் 1,550-ஐ ஒட்டி வரும். அதை 512-ஆல் வகுத்தால் ஒரு மாணவன் சராசரியாக 3 நாள் படுத்திருக்கிறான். மாடலோ 2.3 நாள் என்கிறது. அதாவது மாடல் அதிகப் பேரைக் குறைந்த நாள் படுக்கவைத்து அதே கோட்டை வரைந்துவிட்டது. உண்மையில் குறைந்த பேர் அதிக நாள் படுத்தார்கள். கோடு ஒன்று, அதன் பின்னால் இரண்டு கதைகள்.

எங்கே பிசகியது? ‘படுக்கையில் இருப்பவர்’ என்பதும் ‘பரப்பிக்கொண்டிருப்பவர்’ என்பதும் ஒன்றல்ல. படுக்கைக்கு அனுப்பப்படும் முன்பே பையன் பரப்பத் தொடங்கியிருப்பான், படுத்தபின் யாரிடமும் பழகமாட்டான். சிலருக்கு அறிகுறி இல்லாமலே வந்து போயிருக்கலாம். கோடு பொருந்துகிறதே என்று மாடலை நம்பிவிடாதீர்கள். பொருத்தப் பயன்படுத்தாத இன்னோர் எண்ணோடு, இங்கே 512, ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி மாடல்களின் சாயம் வெளுத்துவிடும்.

இன்னொன்று: ஒரே கட்டடத்தில் தூங்கி, ஒரே கூடத்தில் சாப்பிட்ட பையன்களின் 3.7-ஐ ஒரு நகரத்தின் மேல் வைக்கக்கூடாது. ஆர் என்பது வைரஸின் குணம் மட்டுமல்ல, அந்த இடத்தில் மனிதர்கள் பழகும் விதமும் அதில் கலந்திருக்கிறது.

படி 4: முதல் சில வாரங்களிலிருந்து ஆர் எண்ணைப் பிடியுங்கள்

புது நோய் வந்தால் நம் கையில் முதலில் கிடைப்பது ஒன்றுதான்: நோயாளி எண்ணிக்கை எத்தனை நாளில் இரட்டிக்கிறது. 4 நாளில் இரட்டிக்கிறது என்று வைப்போம். 0.693-ஐ (2-ன் இயல்மடக்கை, இரட்டிப்புக் கணக்கில் மாறாத எண்) 4-ஆல் வகுத்தால் 0.173, இது தினசரி வளர்ச்சி வீதம். மூன்று பெட்டி மாடலில் ஆர் = 1 + வளர்ச்சி வீதம் × நோய்க்காலம். 3 நாள் என்றால் 1.52. 2 நாள் என்றால் 1.35. 4 நாள் என்றால் 1.69. எண்ணிக்கை ஒன்றே, நோய்க்காலம் தெரியாததால் விடை 1.35-லிருந்து 1.7 வரை ஆடுகிறது. தாய்லாந்து மாடலில் 1.6-க்கும் 1.8-க்கும் இடையில் இருந்த வித்தியாசத்தை நினைத்துக்கொண்டால், இந்த ஆட்டம் எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

அதனால்தான் முதல் சில குடும்பங்களில் “யாருக்கு என்றைக்குக் காய்ச்சல் வந்தது, அவரிடமிருந்து அடுத்தவருக்கு எத்தனை நாளில் வந்தது” என்று வீடுவீடாகப் போய்க் கேட்கும் சுகாதார ஆய்வாளரின் நோட்டு, மாடல் போடுபவரின் கணினியைவிட மதிப்பானது.

இரட்டிக்கும் நாளும் ஏமாற்றும். 2009 ஆகஸ்டில் புனேயில் இந்தியாவின் முதல் பன்றிக்காய்ச்சல் மரணம் பதிவானதும் பரிசோதனை மையங்களில் கூட்டம் வரிசைகட்டி நின்றது. அப்படிப்பட்ட வாரத்தில் எண்ணிக்கை ஏறினால், பரவியதால் ஏறியதா, நிறையப் பேரைச் சோதித்ததால் ஏறியதா? மொத்தச் சோதனையில் எத்தனை சதவீதம் பாசிட்டிவ் என்பதையும், மருத்துவமனையில் சேர்ந்தவர் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே வேகத்தில் ஏறினால்தான் நம்பலாம்.

படி 5: தொற்று எண்ணிக்கையைப் படுக்கையாக மாற்றுங்கள்

கலெக்டருக்கு 58,000 என்ற எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை படுக்கை, எந்த வாரம் என்பதே அவர் கேட்பது. நம் ஊரில் உச்சத்தில் 6,300 பேர் நோயில் இருந்தார்கள், நோய்க்காலம் 3 நாள். ஆகவே அந்த நேரத்தில் நாளொன்றுக்கு 2,100 புதுத்தொற்று. கணக்குக்காக, நூற்றுக்கு ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்து 5 நாள் இருப்பதாக வைக்கிறேன். தினம் 21 பேர், ஐந்து நாளுக்கு 105 படுக்கை.

அந்த ‘நூற்றுக்கு ஒருவர்’தான் தொடக்கத்தில் யாருக்கும் தெரியாத எண். 2009 வசந்தத்தில் மெக்சிகோவிலிருந்து வந்த முதல் கணக்குகள் பயமுறுத்தின. மருத்துவமனைக்கு வரும் அளவுக்கு மோசமானவர்களே கணக்கில் ஏறியிருந்தார்கள், வீட்டிலேயே சுக்குக் கஷாயம் போல எதையோ குடித்துத் தேறியவர்கள் ஏறவில்லை. வகுக்கும் எண் சின்னதாக இருந்ததால் மரண விகிதம் பெரிதாகத் தெரிந்தது. பின்னால் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் நாட்டுக்கு மட்டும் முதல் ஆண்டில் சுமார் 6 கோடி தொற்று, 12,500 மரணம் என்று மதிப்பிட்டது. அதாவது பத்தாயிரத்துக்கு இரண்டு. எதிர்த்திசையிலும் பிழை வரலாம்: மரணம் தொற்றுக்குச் சில வாரம் பின்னால் வருவதால், ஏறுமுகத்தில் இன்றைய மரணத்தை இன்றைய தொற்றால் வகுத்தால் நோய் சாதுவாகத் தெரியும். இரண்டு பிழைகளும் ஒரே சமயத்தில் நடப்பதும் உண்டு.

படி 6: ஒவ்வொரு வழியாகத் திருகிப் பாருங்கள்

முதல் திருகு, பழக்கத்தைக் குறைப்பது. கூட்டம் குறைப்பு, முகக்கவசம், காய்ச்சல் வந்தவர் வீட்டில் இருப்பது எல்லாம் சேர்ந்து தொற்றும் வாய்ப்பை 20% குறைத்தால் பரவல் வேகம் 0.5 என்பது 0.4 ஆகிறது, ஆர் 1.2 ஆகிறது. தாளில் மாற்றிப் பாருங்கள். மொத்தம் 58,000-லிருந்து 31,000. உச்சம் 6,300-லிருந்து 1,500-க்கும் கீழே. படுக்கை 105-லிருந்து 25. உச்சம் வருவது ஏழாவது வாரத்துக்குப் பதில் பதினாலாவது வாரம். வெறும் 20% குறைத்ததற்கு உச்சம் கால்பங்காகச் சுருங்கிவிட்டது. முதல்முறை இதைத் தாளில் பார்த்தபோது சூத்திரத்தில் தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

விலையும் உண்டு. அந்த 20%-ஐ ஆறு மாதத்துக்கு மேல் பிடித்துவைக்க வேண்டும். ‘சரி, ஒரு மாதம் முழுதாக ஊரை அடைத்துவிடலாமே’ என்று தோன்றும். செய்து பாருங்கள்: ஒரு மாதம் ஆர் எண்ணை 0.9-க்குக் கொண்டுவந்துவிட்டுத் திறந்தால், மிச்சப்பெட்டி அப்படியே நிரம்பியிருக்கும், கடைசி நோயாளியும் தேறியிருக்கமாட்டார், பழைய அலை தள்ளிப்போய் அதே உயரத்தில் வரும். மாறாக 20% குறைப்பில் மெதுவாகக் கடந்த ஊரில் மிச்சம் 69%. தடையை நீக்கினாலும் ஆர் 1.5 × 0.69, அதாவது ஒன்றை ஒட்டித்தான். கடும் அடைப்புக்கு அர்த்தம் இருப்பது, அது வாங்கித்தரும் நேரத்தில் வேறு ஏதோ ஒன்று வந்து சேரும் என்றால்தான்: தடுப்பூசி, மருந்து, படுக்கை.

தடுப்பூசி எப்போது வரும் என்பதையும் தாளில் ஒரு தேதியாகப் போடுங்கள். 2009-ல் ஏப்ரலில் வைரஸ் அடையாளம் காணப்பட்டது, அமெரிக்காவில் தடுப்பூசி அக்டோபர் தொடக்கத்தில் வரத் தொடங்கியது, அதே மாதக் கடைசியில் இலையுதிர்கால அலை உச்சம் தொட்டுவிட்டது. ஆறு மாதம் என்பது மிக வேகமான வேலை. அப்படியும் பெரும்பாலானோருக்கு அது கலியாணம் முடிந்தபின் வந்த மேளம்.

பள்ளிகளை மூடுவதை மூன்று பெட்டியில் ஒழுங்காகக் காட்ட முடியாது. எல்லாரும் எல்லாரோடும் சமமாகப் பழகுகிறார்கள் என்று அது நினைக்கிறது. குறைந்தது சிறுவர், பெரியவர் என்று இரண்டு வரிசைப் பெட்டிகளாவது வேண்டும். யார் யாரோடு எவ்வளவு பழகுகிறார்கள் என்பதற்கு ஐரோப்பாவில் 8 நாடுகளில் 7,290 பேரை நாட்குறிப்பு எழுதச்சொல்லித் தொகுத்த ‘பாலிமாட்’ ஆய்வு 2008-ல் வந்தது. ஐரோப்பாவின் எண்களை அப்படியே நம் ஊருக்குப் போட்டுவிடுகிறார்கள். தாத்தா பாட்டியோடு ஒரே வீட்டில் பிள்ளைகள் வளரும் ஊரில், பள்ளியை மூடினால் பிள்ளைகள் யார் மடியில் போய் உட்காருவார்கள் என்று அந்த அட்டவணைக்குத் தெரியாது. அதே 2008-ல் பிரான்சின் பள்ளி விடுமுறைகளை வைத்துச் செய்த கணக்கு, பெருந்தொற்றில் நீண்டகாலம் பள்ளிகளை மூடினால் மொத்த நோயாளிகள் 13 முதல் 17% வரைதான் குறைவார்கள், ஆனால் உச்சம் 39 முதல் 45% குறையும் என்றது. படுக்கைக்காகக் கவலைப்படுபவருக்கு இரண்டாவது எண் பெரிய விஷயம்.

எல்லையை மூடுவதற்கு மாடலே வேண்டாம். நம் ஊரில் தினசரி தாவலில் நோய் நாலரை நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. உள்ளே வரும் நோயாளிகளில் 90% பேரைத் தடுத்தால் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்குகிறோம். பத்து மடங்கை ஈடுகட்ட மூன்றேகால் இரட்டிப்பு, அதாவது 15 நாள். 99% தடுத்தால் 30 நாள். 2006-ல் பெரிய மாடல் போட்டவர்களும், 99%-க்கு மேல் தடுத்தால் ஒழிய இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போடமுடியாது என்றே முடித்தார்கள். விமான நிலையத்தில் நெற்றியில் வெப்பமானி வைப்பது தொலைக்காட்சிக்கு நன்றாக இருக்கும்.

படி 7: தாமதத்துக்கு விலை போடுங்கள், அப்புறம் பகடை உருட்டுங்கள்

1918-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முதல் நோயாளிகள் தெரிந்தது செப்டம்பர் 17. செப்டம்பர் 28-ல் போர்க்கடன் பத்திர ஊர்வலம் நடந்தது. பள்ளிகள், தேவாலயங்கள், திரையரங்குகளை மூடியது அக்டோபர் 3, அதாவது நோய் தெரிந்து 16 நாள் கழித்து. இன்னோர் அமெரிக்க நகரமான செயின்ட் லூயிஸில் நோய் தெரிந்தது அக்டோபர் 5, மூடியது அக்டோபர் 7. உச்ச வாரத்தில் பிலடெல்பியாவில் லட்சத்துக்கு 257 பேர் வழக்கத்துக்கு மேல் இறந்தார்கள். செயின்ட் லூயிஸ் அதே அலையில் தொட்ட உச்சம் 31. பிறகு செயின்ட் லூயிஸும் தளர்த்தியது, மறுபடி ஏறியது. ஆனாலும் டிசம்பர் கடைசிவரையிலான மொத்தத்தில் அது பிலடெல்பியாவின் பாதிக்கும் கீழே இருந்தது.

இரண்டு வாரத் தாமதம் நம் தாளில் மூன்று இரட்டிப்பு, எட்டு மடங்கு. உங்கள் அலுவலகத்தில் கோப்பு மேசை மாற எத்தனை நாள் ஆகும் என்று எண்ணி, அதை இரட்டிப்பு நாளால் வகுத்துப் பாருங்கள். அறிக்கையில் எழுத அதைவிடக் கூர்மையான எண் கிடைக்காது.

இனி அந்த 0.6 மனிதர். நோயாளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது சராசரி போதும். கைவிரலில் எண்ணும்போது சராசரி பொய் சொல்லும். ஆர் 1.5 என்றால் ஒவ்வொருவரும் ஒன்றரைப் பேருக்குத் தருவதில்லை. ஒருவர் யாருக்கும் தராமலே தேறிவிடுவார், இன்னொருவர் ஐந்து பேருக்குத் தந்துவிடுவார். மூன்று பெட்டி மாடலைப் பகடைபோல உருட்டினால், ஒற்றை நோயாளியில் தொடங்கும் சங்கிலி தானாகவே அறுந்துபோக 1 ÷ ஆர் வாய்ப்பு உண்டு. 1.5-க்கு மூன்றில் இரண்டு. நாம் ஒன்றுமே செய்யாமல்!

2 பேர் இருந்தால் இரண்டு சங்கிலியும் அறுந்தாக வேண்டும்: மூன்றில் இரண்டு × மூன்றில் இரண்டு, 44%. 5 பேர் என்றால் 13%. 10 பேர் என்றால் 2%-க்கும் குறைவு. நாமக்கல் மாடலில் பார்த்த அந்த 2-ம் 10-ம் முழுக்க இந்தக் கணக்கு அல்ல, அதில் வீடு, வேலை, தனிமைப்படுத்தல் எல்லாம் இருக்கிறது. ஆனால் எலும்பு இதுதான். இரண்டு பேர் இருக்கும்போது அதிர்ஷ்டம் பாதி வேலையைச் செய்கிறது, நாம் மீதியைச் செய்தால் போதும். பத்து ஆனபின் அதிர்ஷ்டம் கைவிட்டுவிடுகிறது. அந்த ஆய்வில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. குடும்பத்தை அளவுக்கு மீறி முன்கூட்டியே பூட்டிவைத்தால், உள்ளே இருக்கும் நோயாளியிடம் வீட்டார் நீண்டநாள் மாட்டிக்கொள்கிறார்கள். கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

எக்செல்லிலேயே உருட்டலாம். தற்செயல் எண் தரும் சூத்திரத்தை வைத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் இன்று தொற்றுகிறதா, விலகுகிறாரா என்று தீர்மானிக்கச் செய்து, 200 முறை ஓட்டுங்கள். எத்தனை முறை அணைந்தது என்று எண்ணுங்கள்.

படி 8: முடிவை ஒற்றை எண்ணாகக் கொடுக்காதீர்கள்

ஆர் 1.3, 1.5, 1.8, நோய்க்காலம் 2, 3, 4 நாள் என்று ஒன்பது ஓட்டம் ஓட்டுங்கள். எண்கள் தாறுமாறாக மாறும், மாறட்டும். பார்க்க வேண்டியது, ஒன்பதிலும் வழிகளின் வரிசை மாறுகிறதா என்பது. “சீக்கிரம் மூடுவது தாமதமாக மூடுவதைவிட மேல்” என்பது ஒன்பதிலும் நின்றால் தைரியமாகச் சொல்லுங்கள். எந்த எண் மாறினால் வரிசை கவிழ்கிறதோ, அதை அளக்க ஆள் அனுப்புங்கள்.

அறிக்கையில் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஊகங்களைக் கடைசியில் ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே போடுங்கள். எதைப் பார்த்தால் நடவடிக்கையைத் தொடங்குவது என்று எழுதும்போதே, எதைப் பார்த்தால் நிறுத்துவது என்பதையும் எழுதிவிடுங்கள். இது அநேகமாக எல்லாத் திட்டத்திலும் விட்டுப்போகும் வரி.

1976-ல் அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றி ஃப்ளூ முளைத்தது. ஒரு வீரர் இறந்தார், 200-க்கு மேற்பட்டோருக்குத் தொற்றியிருந்தது. 1918 திரும்பி வருகிறது என்று பயந்து நாடு முழுவதும் தடுப்பூசி போட முடிவானது. சங்கிலியோ முகாமைத் தாண்டாமலே அறுந்துவிட்டது. பின்னால் கணக்குப் போட்டவர்கள் அதன் ஆர் 1.2 அளவில்தான் இருந்தது என்றார்கள். முகாமுக்கு வெளியே நோய் இல்லை என்பது வாரத்துக்கு வாரம் தெளிவாகிக்கொண்டே வந்தது, ஆனால் ‘இத்தனை வாரம் வெளியே ஒரு நோயாளியும் இல்லையென்றால் ஊசியைக் கிடங்கில் வைத்துக் காத்திருப்போம்’ என்ற வரி திட்டத்தில் இல்லை. அக்டோபரில் ஊசி தொடங்கியது. 4 கோடிப் பேருக்கு மேல் போட்டபின், நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே நோய் ஊசி போட்டவர்களில் கூடுதலாகத் தென்பட்டதால் டிசம்பரில் நிறுத்தினார்கள்.